வெள்ளை உடுத்திய வேட்பாளர்

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, விளாத்திகுளம் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். குழாயில் தண்ணீர் திறந்துவிடுகிறவரோடு வாரம் தவறாமல் மல்லுக்கு நின்றவள் என் அத்தை. தெருவே கூடி அவளைத்தான் நிற்கச் சொன்னது. மனுவும் கொடுத்தாயிற்று. ஓட்டுக் கேட்டுப் போவதில்தான் சிக்கல். அத்தை, கல்யாணமான இரண்டாம் வருஷமே மாமாவைப் பறிகொடுத்து எங்கள் வீட்டுக்குத் திரும்பியவள்.

"யக்கா, நீ வீட்ல இரு. நாங்க போயி கேக்கோம். வெள்ளைச் சேலையோட காலங்காத்தால ஒருத்தன் வாசல்ல போயி நின்னா ஓட்டா விழும்?" என்றார் சித்தப்பா.

"அப்ப மனுவத் திருப்பி வாங்கிருதேன்" என்றாள் அத்தை.

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தத் திமிரோடு, பள்ளிக்கூடத்துத் தடி அகராதியில் 'கேண்டிடேட்' என்ற சொல்லைத் தேடி நோட்டில் எழுதி வந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். பழைய ரோமாபுரியில் பதவிக்கு நிற்கிறவர்கள் சுண்ணக்கட்டி தேய்த்து வெளுத்த துணி உடுத்தித்தான் ஊராரிடம் ஆதரவு கேட்பார்களாம். அந்தச் சொல்லுக்கே வெள்ளை உடுத்தியவர் என்றுதான் அர்த்தம்.

"எழவுக்கா உடுத்துனாவ?"

"இல்ல அத்தை, ஓட்டுக் கேக்கத்தான்."

"ஏலே, ரோமாபுரிக்காரனா இங்கன வந்து ஓட்டுப் போடப் போறான்?" என்று சித்தப்பா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

"இன்னொரு மட்டம் வாசிலே."

மறுநாள் காலை, நீலம் போட்டு வெளுத்த சேலையில் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வீடு நான் முன்னால் போய் ரோமாபுரிக் கதையைச் சொல்ல, அவள் தெருவிலேயே நின்று கும்பிட்டாள். என் இங்கிலீஷுக்குத்தான் ஓட்டு விழப்போகிறது என்று எனக்குப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை.

கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு வீட்டில் பெண்ணின் அம்மா என் கதையைப் பாதியில் நிறுத்தினார்.

"அது கெடக்கட்டும்லே. மதினி, ஏன் தெருவுல நிக்கிய? உள்ள வாங்க" என்று இறங்கி வந்து அத்தையின் கையைப் பிடித்தார்.

முந்தின நாள் மழை. அத்தை வாசல் கல்லில் பாதத்தைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். கரிசல் சேறு லேசில் விடாது, அதனால்தான் நிலைப்படி தாண்ட இத்தனை நேரம் என்று நினைத்தேன்.

"அத்தை, சேறெல்லாம் எப்பவோ போயிட்டு. வா" என்றேன்.