பூஜ்யத்தை ஏற்காத படிவம்

நகரின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வசந்தாமணிக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். சொந்த ஊர் சேந்தமங்கலம். இறந்தவரின் குடும்பத்தாரிடம் எப்படி நடந்துகொள்வது என்று இத்தனை வருடமாக அவருக்கு யாரும் எழுதித் தரவில்லை. உட்கார வைப்பார், தண்ணீர் கொடுப்பார், அழுது ஓயும்வரை பக்கத்தில் நிற்பார். இப்படி முறையில்லாமல் நடந்துகொண்டிருந்த வேலையைத் தரச் சான்றிதழ் வந்து காப்பாற்றியது.

சான்றிதழுக்காக நிர்வாகம் ‘துக்க ஆறுதல் வழிகாட்டி’ என்று பதினான்கு பக்கம் அச்சடித்தது. எங்கோ வெளிநாட்டில் எழுதியதை யாரோ தமிழாக்கியிருந்தார்கள். அதன் தரத்தை மதிப்பிட இருபத்து மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். மூத்த நர்ஸ் என்பதால் அந்தப் பெருமை வசந்தாமணியின் தலையில் விழுந்தது.

எழுத்து தெளிவாக இருக்கிறதா? ஏழு. தலைப்புகள் எளிதில் கண்ணில் படுகின்றனவா? ஏழு. வழிகாட்டியின் ஒன்பதாம் பக்கத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ‘உடலைப் பெற்றுக்கொண்டு புறப்படும் குடும்பத்தாரிடம், போய் வாருங்கள் என்று புன்னகையுடன் கூறவும்.’ இழவு வீட்டில் வந்தவரை ‘வாங்க’ என்பதுமில்லை, கிளம்புகிறவர் ‘வாரேன்’ என்பதுமில்லை. ‘அறிவுரைகள் நம் வழக்கத்துக்குப் பொருந்துகின்றனவா?’ என்ற கேள்விக்கு வசந்தாமணி பூஜ்யம் போட்டார்.

தர மேலாளர் குணசீலன் தம்மம்பட்டிக்காரர். சொந்தக்காரர் சாவுக்குப் போனால் அவரும் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்புவார். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் வெளிநாட்டுக்காரர்.

“பூஜ்யத்தைக் கம்ப்யூட்டர் எடுக்காதுங்க சிஸ்டர். ஒன்னு போட்டுருங்க.”

“செத்த ஊட்டுக்காரங்ககிட்ட யாராச்சும் அப்படிச் சொல்லுவாங்களா சார்? அந்த வரியை எடுத்துருங்க. கேக்கறவங்க மனசு ஒடைஞ்சு போயிரும்.”

“சராசரி ஆறுக்கு மேல வந்துருச்சுங்க. ஒரே ஒரு வரிக்காக எதுக்குங்க?”

சராசரி ஜெயித்தது. வசந்தாமணி பூஜ்யத்தை ஒன்றாக்கிக் கையெழுத்துப் போட்டார். வழிகாட்டி ‘மிகச் சிறப்பு’ என்று தேறியது. வரவேற்பறையிலிருந்து பிணவறை வரை எல்லோரும் அதை மனப்பாடம் செய்தார்கள்.

மறுவாரம், விசைத்தறி ஓட்டும் பெரியசாமியின் மூத்த மகன் பைக் விபத்தில் அடிபட்டு வந்து, மூன்றாம் நாள் இறந்துபோனான். உடலை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வாசல்வரை கூடவே வந்த வரவேற்பாளர் மைதிலி, பயிற்சியில் சொன்னபடி பிசகில்லாமல் புன்னகைத்தாள்.

“போயிட்டு வாங்க சார்.”

அருகில் நின்ற வசந்தாமணிக்கு, தானும் கையெழுத்துப் போட்ட காகிதம்தானே என்று வெட்கமாக இருந்தது.

பெரியசாமி கோபப்படவில்லை. திரும்பி நின்று மைதிலியைப் பார்த்துக் கைகூப்பினார்.

“வேண்டாஞ் சாமி. ஊட்டுல இனி ஒரே ஒரு புள்ளதான் இருக்குது.”