ஆறு பெட்டிகளும் இரண்டாவது சாவியும்

ஸ்டோரம்மாவுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. ஊருக்கே தெரிந்த விஷயம். துணிக்கடைக்காரன் எதை நீட்டினாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் கேட்டால் குடத்தையும் சேர்த்துக் கொடுப்பாள். தம்பி கேட்டால் கேட்கவே வேண்டாம். இப்படிப்பட்டவளை நம்பி எண்ணூற்று நாற்பது துப்பாக்கிகளின் சாவியைக் கொடுத்தது எந்தப் புத்திசாலி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவளிடம் இருந்தது ஒரு சாவி மட்டும். இரண்டாவது சாவி வெளிநாட்டுக்காரனிடம் இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் அவள் பதினொரு வருடம் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

சண்டை ஓய்ந்த வருடம், கால்வாயின் இக்கரைக்காரர்களும் அக்கரைக்காரர்களும் ஆயுதங்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். பழைய சிமெண்ட் கிடங்கில் லாரி நீளத்துக்கு ஆறு இரும்புப் பெட்டிகளை இறக்கி அவற்றுக்குள் அடுக்கினார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பூட்டு. ஒரு பூட்டின் சாவி நாட்டின் சார்பில் கிடங்குப் பொறுப்பாளரான அவளிடம். இன்னொன்று உலக அமைதி மன்றம் அனுப்பிவைத்த பார்வையாளரிடம். தினமும் காலை எட்டு மணிக்கு இருவரும் ஈய முத்திரைகளைத் தொட்டுப் பார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமைகளில் பெட்டிகளைத் திறந்து எண்ண வேண்டும்.

திறப்பதற்கும் ஒரு முறை இருந்தது. அவள் தன் பூட்டைத் திறந்துவிட்டு மூன்றடி பின்னால் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அவன் தன் பூட்டைத் திறந்து முடிக்கும்வரை அசையக் கூடாது. ஒருவர் சாவியை இன்னொருவர் கண்ணால் பார்க்கக் கூடாதாம். எந்த மேதாவி எழுதிய விதியோ, அந்தச் சுவரின் ஒவ்வொரு விரிசலும் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

மூன்றாவது பெட்டியில் நூற்றுப் பதினேழாம் எண் அவளுடைய அண்ணனின் துப்பாக்கி. அண்ணன் போய்விட்டான், அது இருந்தது. திங்கட்கிழமைதோறும் எண்ணும்போது அவள் விரல் அதன்மேல் ஒரு நொடி கூடுதலாகத் தங்கும்.

அந்த நாட்களில் மன்றத்தின்மேல் உலகம் பூராவும் ஒரே புகைச்சல். நாலைந்து பெரிய நாடுகள் வைத்ததே சட்டம், அதில் ஒன்று தலையாட்ட மறுத்தாலும் மற்ற அத்தனை நாடுகளும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும், சின்ன நாட்டின் வீட்டுக்குள் வந்து பூட்டுப் போட இவர்கள் யார் என்று பேச்சு. அதில் பொய்யும் இல்லை. மன்றத்தைச் சீர்திருத்த ஒரு குழு போட்டார்கள். குழுவின் மூன்று பேர் நாடு நாடாகச் சுற்றி, ஒருநாள் கிடங்குக்கும் வந்து, “உங்களுக்கு என்னம்மா சிரமம்?” என்று கேட்டார்கள்.

அதுவரை அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மடை திறந்துகொண்டது. முந்தின மழைக்காலத்தில் கூரைத் தகரம் பிய்ந்து ஐந்தாவது பெட்டிமேல் ஒழுகியதையும், பெட்டியை ஒரு முழம் நகர்த்தக் கடல் தாண்டி இருக்கும் தலைமையகத்தின் அனுமதி வேண்டியிருந்ததையும், அங்கே யாரோ லீவில் போயிருக்க, தான் பத்தொன்பது நாள் வாளியோடு உட்கார்ந்திருந்ததையும் கொட்டித் தீர்த்தாள்.

“எங்க வீட்டுக் கூரை ஒழுகினா நாங்க சரிபண்ணிக்க மாட்டோமா? அதுக்கும் ஒருத்தர்கிட்ட போய் நிக்கணுமாங்க?”

குழுவின் அறிக்கையில் நாற்பத்தோராம் பக்கத்தில் அந்த வாக்கியம் அப்படியே வந்தது. பத்திரிகைகள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. தம்பி அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு அவள் வீட்டு முன்னறையில் மாட்டினான். கொஞ்ச நாள் அவள் தலை நிமிர்ந்துதான் நடந்தாள்.

எட்டு மாதம் கழித்து சீர்திருத்தம் நிறைவேறியது. வெளிநாட்டார் கையில் இருக்கும் சாவிகளெல்லாம் ஒன்றாம் தேதி அந்தந்த நாட்டிடமே ஒப்படைக்கப்படும் என்று ரேடியோ சொன்னது. தெருவில் வெடிச் சத்தம். அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.  அவளுக்காக ‘முடியாது’ என்று சொல்ல இனி ஆள் இல்லை. தன் வாயாலேயே அந்த ஆளை அனுப்பிவிட்டாள்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்தான். மோட்டார் மெக்கானிக். எத்தனை கழுவினாலும் போகாத கிரீஸ் நகக்கண்ணில். போன மாதம் இக்கரையில் ஒரு மோட்டார் கொட்டகை எரிந்தது. எரித்தது அக்கரைதான் என்று இவர்களே தீர்ப்பு எழுதி, காவல் குழு என்று ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். அதில் அவனும் ஒரு ஆள்.

“அக்கா, ஒண்ணாம் தேதிக்கப்புறம் ரெண்டு சாவியும் உன்கிட்டதானே?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

“நல்லதாப் போச்சு. ஒருநாள் வர்றோம். சும்மா எண்ணிப் பாக்கத்தான்.”

“நான்தான் வாராவாரம் எண்ணுறேனேடா.”

“அண்ணனோடது மூணாவது பெட்டிதானே?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “அதை வெச்சு என்ன பண்ணப் போற?”

“நம்ம பொருள் நம்ம வீட்டுல இருக்கட்டும். நீதானேக்கா சொன்ன, நம்ம வீட்டுக்கு நாம யார்கிட்ட போய் நிக்கணும்னு?” அவன் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைக் காட்டிச் சிரித்தான்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது இவனுக்குப் பத்து வயது. கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை. அவள்தான் உள்ளே கையை விட்டு ஊட்டினாள். அந்த வாய் இப்போது துப்பாக்கி கேட்கிறது. இக்கரை ஒரு பெட்டியைத் திறந்தது என்று தெரிந்தால் அக்கரை பார்த்துக்கொண்டா இருக்கும்? இரண்டாவது பிணமாகத் தம்பியைத்தான் தூக்கி வருவார்கள். இதெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும், “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ” என்றுதான் வாயில் வந்தது.

கிடங்கை நடத்தும் அரசுத் துறைக்கு மூன்று கடிதம் எழுதினாள். இரண்டாவது சாவியை வேறு யாரிடமாவது கொடுங்கள், ஒருத்தியிடம் இரண்டும் இருப்பது சரியில்லை என்று. பதில் ஒரு வரியில் வந்தது: ‘மறு உத்தரவு வரும்வரை தற்போதுள்ள நடைமுறையே தொடரட்டும்.’ யாரோ ஒரு புண்ணியவான் கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தான். அவள் அதை மடித்து ரிஜிஸ்டருக்குள் வைத்தாள்.

ஒன்றாம் தேதி விழா. மேடை, மாலை, மைக். மன்றத்தின் கொடி இறங்கியது. கடைசிப் பார்வையாளரை எல்லோரும் நெட்டையன் என்பார்கள். மொழியைப் புத்தகத்தில் படித்தவன் ஆதலால் புத்தகம் மாதிரியே பேசுவான். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தபோது, அவள் கை ஈரமாக இருந்ததை உணர்ந்திருக்க வேண்டும்.

“அம்மையாரே, அஞ்சுகிறீர்களா?”

“நீங்க பயந்ததே இல்லையா?”

“நாள்தோறும் அஞ்சினேன். ஆயினும் எனக்கு விமானம் உண்டு.”

அவனைக் கொண்டுபோய் விமானம் ஏற்றிவிட்டார்கள். அவள் இரண்டு சாவிகளையும் இடுப்புப் பைக்குள் போட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேன் வந்து நின்றது. தம்பியோடு ஒன்பது பேர். முக்கால்வாசிப் பேர் அவள் பார்த்து வளர்ந்தவர்கள். “வாங்கப்பா” என்றாள். வேறென்ன சொல்வாள்?

கிடங்கு வளாகத்தின் மூலையில் குடிநீர்க் குழாயின் வால்வு இருந்தது. அதைத் திருப்ப வரும் பம்ப்காரியும் அந்த நேரத்தில்தான் வந்திருந்தாள். அக்கரைக்காரி. ஆறு வருடத்தில் “தண்ணி விட்டாச்சா?”, “விட்டாச்சு” என்பதைத் தாண்டி இருவருக்கும் பேச்சே கிடையாது. கூரை ஒழுகிய நாட்களில் மட்டும் ஒருநாள் பம்ப்காரி உள்ளே எட்டிப் பார்த்து, “அஞ்சாவதுல தண்ணி இறங்கிடுச்சாங்க?” என்று கேட்டாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு வாளியை எடுத்து ஏந்தினாள். ஐந்தாவதில் அவள் மகனுடைய துப்பாக்கி இருந்தது. மகன் இல்லை.

இப்போது அவள் ஸ்பானரைப் பிடித்தபடி, இத்தனை ஆண்களைப் பார்த்து உறைந்து நின்றாள்.

“திற அக்கா” என்றான் தம்பி.

ஸ்டோரம்மா மூன்றாவது பெட்டியின் முத்திரையை வெட்டினாள். முதல் சாவியைப் போட்டுத் திருப்பினாள். பூட்டு திறந்தது. பிறகு, பதினொரு வருடப் பழக்கத்தில், மூன்றடி பின்னால் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

 யாரோ ஒருவன் செருமினான். பூட்டுச் சத்தத்துக்காகக் காத்திருந்த அவளுக்கு, இரண்டாவது பூட்டைத் திறக்க அங்கே யாருமில்லை என்பது உறைக்கச் சற்று நேரமாயிற்று.  நெட்டையனின் சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. இப்போது திரும்பினால், அந்தப் பூட்டையும் அவள்தான் திறப்பாள். அவளுக்குத் தன்னைத் தெரியும்.

“அக்கா, இன்னொண்ணு?”

அவள் திரும்பினாள். தம்பியைப் பார்க்கவில்லை, பார்த்தால் தீர்ந்தது. நேராக வாசலுக்கு நடந்து வால்வுப் பக்கம் போனாள். இரண்டாவது சாவியை எடுத்துப் பம்ப்காரியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“தற்போதுள்ள நடைமுறையே தொடரட்டும்னு துறையிலிருந்து கடிதாசு வந்திருக்கு” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “நடைமுறைன்னா ரெண்டு பேர். இனிமே நீங்கதான் ரெண்டாவது ஆள்.”

“அவங்க கைலயா குடுத்த?” தம்பி கத்தினான். முகம் வெளுத்துவிட்டது. “அக்கரைக்காரி கைலயா? அண்ணனை மறந்துட்டியா?” பம்ப்காரியின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான். “சாவியைக் குடு.”

 ஸ்பானர் கீழே விழுந்தது. ஆனால் மூடிய கை மார்போடு ஒட்டியே இருந்தது. “முடியாது” என்றாள். அவளுக்கு அவன் யார்? தம்பியா, உறவா?

“கட்டர் எடுத்துட்டு வரவா?” என்று வேனுக்குப் பக்கத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

ஸ்டோரம்மா ரிஜிஸ்டரை விரித்து, வந்தவர்கள் பெயர் எழுதும் பக்கத்தைத் திருப்பிப் பேனாவை நீட்டினாள்.  “எடுத்துட்டு வாப்பா. அதுக்கு முன்னாடி பேர், அப்பா பேர், வந்த நேரம் எழுதிடு. வெட்டினது யார்னு நான் எழுதிக்கணும்ல.”

பேனா நீட்டியபடியே இருந்தது. கட்டர் கேட்டவன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவன் வானத்தைப் பார்த்தான். முதல் பெயராகத் தன் பெயர் இருக்க வேண்டும் என்று ஒருவனுக்கும் ஆசை இல்லை. ஒவ்வொருவராக வேனில் ஏறினார்கள். கடைசியாக ஏறின தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். “இனி எனக்கு அக்கான்னு யாரும் இல்ல” என்றான்.

வேன் சத்தம் ஓய்ந்ததும் பம்ப்காரி வால்வுத் தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏன் என்கிட்ட குடுத்தீங்க? நாளைக்கு எங்க ஆளுங்க வருவாங்க. என் மருமகனே அங்க குழுவுல இருக்கான். அவன் வந்து நின்னு அத்தைன்னு கூப்பிட்டா, எனக்கு முடியாதுன்னு சொல்ல வராதுங்க.”

“எனக்கு மட்டும் வருதா?” ஸ்டோரம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  “அவன் வந்தா என்னைக் கூப்பிடுங்க. அவனுக்கு நான் சொல்றேன்.”

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டு பேருக்குச் சமைத்து, ஒருத்தியாக உட்கார்ந்து கொஞ்சம் கொறித்தாள். தெருவில் எந்த வேன் போனாலும் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். தம்பி வரவில்லை. யாரும் அவனைத் தூக்கிக்கொண்டும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள். 

திங்கட்கிழமை எட்டு மணிக்கு பம்ப்காரி வந்தாள். சாவியைத் துணியில் சுற்றி இடுப்பில் முடிந்திருந்தாள். வால்வைத் திருப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஸ்டோரம்மா முதல் பெட்டியில் தன் பூட்டைத் திறந்தாள். மூன்றடி பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். முதுகு கூசியது. இதுவரை அந்த முதுகுக்குப் பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் விமானம் இருந்தது. இவளுக்குக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு வீடும், அதில் மாலை போட்ட ஒரு படமும்தான். அந்தப் படத்துக்கு மாலை விழக் காரணம் இக்கரையின் ஏதோ ஒரு துப்பாக்கி. அது நூற்றுப் பதினேழாகக்கூட இருக்கலாம்.

பின்னால் சாவி பூட்டுத் துளையைக் கண்டுபிடிக்க முடியாமல் இரும்பில் தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பியது.  ஸ்டோரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டு திறக்கும் சத்தம் கேட்கும்வரை சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.