ரெய்னாவின் கால் வளையங்கள்

பிலிப்பைன்ஸின் மலோலோஸில் எங்கள் எதிர்வீட்டு அமாதோ டிரைசிக்கிள் ஓட்டிப் பிழைக்கிறார்; நாங்கள் அவரை 'குயா', அதாவது அண்ணன், என்போம். தொழில் என்னவென்று கேட்டால் மட்டும் "பந்தயப் புறா" என்பார். ஒரு பந்தயத்திலும் ஜெயித்ததில்லை. இந்த வருடம் புது கிளப்பில் சேர்ந்தார். அவருடைய பெட்டை ரெய்னா எந்தத் தீவிலிருந்து விட்டாலும் முதலில் வந்து இறங்குகிறாள். வந்து என்ன? கூண்டு வாசலில் உள்ள மின்னணுப் பலகை அவள் கால் வளையத்திலுள்ள சிப்பின் நம்பரைக் கேட்டு 'பீப்' என்று பதிய வேண்டும். மற்ற புறாக்களுக்குப் பதிகிறது, ரெய்னாவுக்கு மட்டும் ஊமையாகிவிடுகிறது. பதியாவிட்டால் வராத மாதிரிதான். ஞாயிறன்று இறுதிப் பந்தயம்.

குயா பலகையைத் துடைத்தார், ஒயரை மாற்றினார், தலையைச் சொறிந்தார்.

"தவக்காலம்ல குயா, மௌன விரதமா இருக்கும்" என்றேன். சோளத்தை வாரி என் மேல் எறிந்தார்.

கிளப்பிலிருந்து மாயெத் மேடம் வந்தார். "வளையம் நல்லாருக்கு. பலகையும் நல்லாருக்கு. எனக்கே தலை சுத்துது."

நாங்கள் திருதிருவென விழித்துக்கொண்டிருக்கையில், பலகையில் நின்ற ரெய்னா சலித்துப்போய் இடது காலை வயிற்றுக்குள் மடக்கினாள். பீப்! எல்லோரும் கத்தினோம். மிரண்டு காலை ஊன்றினாள். மறுபடி ஊமை.

மேடம் குனிந்து அந்த இடது காலின் இறகை விலக்கினார். "இங்க இன்னொண்ணு இருக்கே!"

"பழைய கிளப் வளையம் மேம்."

"ரெண்டும் ஒரே நேரத்துல நம்பரச் சொன்னா பலகைக்கு எதுவும் விளங்காது. புது மெஷின்னா ஒவ்வொண்ணா பேச விடும். இது பழசு. அத வெட்டுங்க."

குயா இடுக்கியை எடுக்கவில்லை. "அது நிதா மாட்டினது" என்றார். அவர் மனைவி நிதா ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறார். இப்போதெல்லாம் போன் வருவது குறைவு.

"அவங்களையே கேளுங்க" என்றேன், வழக்கம்போல் கிண்டலாக. மனிதர் நிஜமாகவே நிதாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார்.

"அந்த பிளாஸ்டிக்கையா வச்சிருக்க? வெட்டுய்யா, லூசு! ஜெயிக்க வேணாமா?"

வெட்டினார். ரெய்னா பலகையில் நின்றாள். பீப்.

"என்ன சத்தம் அது?"

"ரெய்னா."

பிறகு இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள்.

"நீ சொல்லு."

"இல்ல, நீ முதல்ல சொல்லு."

வெட்டிய வளையத்தைக் குயா உள்ளங்கையில் மூடிக்கொண்டார். மேடத்தின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை; அவர்கள் ஒவ்வொருவராகப் பேசட்டும் என்றுதான்.