சுகிர்தபாய் மாமி கொட்டிய தண்ணீர்

எங்க மாமன் பொன்னுதாஸ் எங்க ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட ஊர்வலத்தில் கொடி பிடித்ததற்காக ஜெயிலில் கிடந்த வருஷம் அது. ஐம்பத்து நாலு. எங்க ஸ்கூலை அடைத்தார்கள். நானும் என் படிப்பை நாலாம் பாரத்தோடு அடைத்துவிட்டேன். சும்மா இருக்கிற பெண்ணை வீட்டில் வைத்துப் பார்க்க அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மாமன் பெண்டாட்டி சுகிர்தபாய் மாமிக்கு இங்கிலீஷ் பேசித் துணைக்குப் போ என்று விரட்டினாள்.

மாமிக்கு இங்கிலீஷ் எதற்கென்றால், திருப்புறத்துப் பங்களாவில் ஒரு இத்தாலிக்காரத் துரைசாணி இருந்தாள். புருஷன் கடல்மணலைச் சோதிக்க வந்த இஞ்சினியர். அவள் பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறாள். துரைக்கு அவர்கள் ஊர்ச் சாப்பாடு பொங்கிப்போட ஒரு குசினிக்காரி வேண்டும். நாலு பெண்களைக் கூப்பிட்டு ஐந்து நாள் வகுப்பு. சனிக்கிழமை பரீட்சை. ஜோலி ஒருத்திக்குத்தான்.

அது கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளறடையிலிருந்து மாமியின் அண்ணன் எலியா வந்து, மாமியின் மூன்று வயது மகள் புஷ்பபாயைக் கூட்டிப்போவார். அவருக்குப் பிள்ளை கிடையாது. போன குட்டி திரும்பி வராது என்று மாமிக்குத் தெரியும். அவரையும் குறை சொல்ல வழியில்லை. மாமி வீட்டு அடுப்பில் பூனை குட்டி போட்டிருந்தது.

கலவரத்தில் பஸ் ஓடவில்லை. தினமும் இரண்டு மணிநேரம் நடந்து போனோம். துரைசாணிக்கும் இங்கிலீஷ் அரை, எனக்கும் அரை. இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிடும் என்று நம்பினோம். இடியாப்பத்தை வெயிலில் காயப்போட்ட மாதிரி ஒரு சாமான். அதன் பெயர் பாஸ்தா. அதில் புரட்ட மூன்று சாஸ். தக்காளியும் பூண்டும் ஒன்று, பூண்டும் எண்ணெயும் ஒன்று, வெண்ணெயும் சீஸும் ஒன்று. மூன்றுக்கும் ஒரே சட்டம்: பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கப் எடுத்துவைத்து சாஸில் விடவேண்டும். அப்போதுதான் சாஸ் ஒட்டும். ஒட்டாமல் தட்டில் வடிந்தால் தோல்வி.

மாமி முதல் நாளே அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். இரண்டாம் நாளும் கொட்டினாள். பஞ்சகாலத்தில் கசப்பு மரச்சீனிக் கிழங்கு தின்று வளர்ந்த கை அது. மரச்சீனி வெந்த தண்ணீர் விஷம்; வெந்ததும் ஊற்றிவிட வேண்டும். யோசிக்கிறதுக்கு முன்னால் கை சாய்த்துவிடும். மூன்றாம் நாள் நான் கரித்துண்டால் சாக்கடை ஓரம் ஒரு போலீஸ்காரன் படம் வரைந்து, "கொட்டினால் பிடிப்பேன்" என்று எழுதினேன். எல்லாரும் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. போலீஸ் படத்தை அவளிடமா காட்டுவது என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. யாரும் பார்க்காதபோது அழித்தேன்.

சனிக்கிழமை தக்காளி சாஸ். வகுப்பில் கெட்டிக்காரி விஜயம்மா. எல்லாம் ஒழுங்காகச் செய்து, கடைசியில் தன்னை மறந்து கறிவேப்பிலை உருவிப் போட்டுவிட்டாள். மற்ற இரண்டு பேருக்கும் பூண்டு கரிந்தது. மாமியின் சாஸ் நல்ல சிவப்பாக வந்தது. அடுத்த அடுப்பில் பாஸ்தா வெந்தது. மாமி சட்டியைத் தூக்கினாள். சாய்த்தாள். ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். அது சட்டியின் விளிம்பை விடவே இல்லை. "போச்சு மக்கா," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

பிறகு அந்தக் கையே வெந்த பாஸ்தாவில் ஒரு பிடி அள்ளியது. காய்ச்சல் பிள்ளைக்குச் சோறு கரைக்கிற மாதிரி கொதிதண்ணீர் விட்டு, சூடு பாராமல், பிசைந்து பிசைந்து கஞ்சியாக்கியது. அதை சாஸில் விட்டாள். விரல்கள் வெந்து சிவந்துவிட்டன.

துரைசாணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். தின்றாள். தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். வடியவில்லை. ஜோலி மாமிக்கு என்றாள். நான் தமிழில் சொன்னதும் மாமி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

துரைசாணி முடிக்கவில்லை. சாயங்காலத்துக்குப் பிறகு ரோட்டில் நடக்கப் போலீஸ் விடுவதில்லை. துரைக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டும். ஆகவே குசினிக்காரி பங்களாவிலேயே தங்கவேண்டும். இதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

மாமி எழும்பினாள். "எனக்க பிள்ளைய விட்டுட்டு வாறதுக்கா நான் இந்தக் கையச் சுட்டது? கேளு மக்கா. குசினி மூலையில கிடந்துக்கிடும். கொஞ்சம்தான் தின்னும். கேளு."

நான் கேட்டேன். துரைசாணி தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை அழுமா, துரைக்குச் சத்தம் ஆகாதே என்றாள்.

புஷ்பபாய் அழ ஆரம்பித்தால் தெருவில் நாய் எழும்பி ஓடும். "நெவர் மேடம். வெரி சைலன்ட்," என்றேன், சர்ச்சிலே நின்று சாட்சி சொல்கிற மாதிரி. ஒரு மாசம் பார்க்கலாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எலியா வந்தார். குட்டியின் துணிகளை வைக்க ஒரு பை கொண்டுவந்திருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. நான்தான் விஷயம் சொன்னேன். அவர் படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அங்கே பங்களாவில் முதல் நாளே குட்டி அழுது தீர்த்ததாம். மாமி அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொப்புளம் போட்ட விரலால் தக்காளி நறுக்கினாளாம்.