ஓட்டப் பந்தயத்தில் ஒரு ஃபவுல்

விளையாட்டு ஆசிரியரை எல்லாரும் விசில் சார் என்றுதான் சொல்வார்கள். பெற்ற பிள்ளைகளும் அவர் காதில் விழாமல் அப்படித்தான் சொல்வார்கள். குளிக்கும்போதுகூட விசில் கழுத்தில்தான் கிடக்கும் என்று ஆசிரியர் அறையில் ஒரு கேலி உண்டு. நல்ல மனிதர். மைதானத்தில் விழுந்த பிள்ளையின் முழங்காலைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிடுவார். கோபம் வந்தால் இரண்டு நிமிடம் தாங்காது. ஆனால் வீட்டில் எதையும் வேண்டாம் என்று வாய் திறந்து சொல்ல மாட்டார். பிடிக்காத வேலையை மறந்துவிடுவார், அவ்வளவுதான்.

அவர் மனைவியும் அதே பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். நூறு மீட்டரில் இவரை ஒருமுறைகூட முந்தவிட்டதில்லை. மூத்தவள் பிறந்ததும் வேலையை விட்டார். சின்னவன் கொஞ்சம் வளரட்டும் என்று சில வருடங்கள் தள்ளிப்போயின. இப்போது அருங்காட்சியகத்துக்கு எதிரே உள்ள பெண்கள் பள்ளியில் ஓட்டப் பயிற்சியாளர் வேலை காலி. விண்ணப்பத்துக்கு இன்று நாலு மணியோடு கெடு முடிகிறது.

"என்னங்க, நீங்க இன்னிக்கு எதிர்ல மியூசியத்துக்குத்தானே போறீங்க? இதைக் கொடுத்துட்டு வந்துடுங்க" என்று காலையில் உறையை நீட்டினார்.

விசில் சார் தலையாட்டினார். வேலை கிடைத்தால் தினமும் ராத்திரிச் சமையல் வரை வீடு தன் தலையில்தான் விழும் என்பது படியிறங்குவதற்குள் உறைத்துவிட்டது. உறையைப் பையின் அடியில் தள்ளினார். நாலு மணி தாண்டட்டும், "அடடா, மறந்தே போச்சே" என்று அசடு வழிந்தால் போயிற்று.

வரலாற்று டீச்சர் விடுப்பில் இருந்ததால், அருங்காட்சியகத்தில் நடந்த ஒரு பயிற்சிக்குத் தலைமையாசிரியை இவரைப் பிடித்து அனுப்பியிருந்தார். பண்டைய கிரேக்கக் கலையையும் புராணங்களையும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று ஆசிரியர்களுக்கு ஒரு நாள் வகுப்பு. வகுப்பெடுத்த அம்மா ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் மடக்கு நாற்காலிகளைப் போட்டு, விளக்கச் சீட்டைக் காகிதத்தால் மறைத்திருந்தார்.

"எதையும் படிக்காதீங்க, பாருங்க. பத்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது."

பெட்டிக்குள் ஒரு ஜாடி. செம்மண் நிறத்தில் கறுப்பு உருவங்கள். முன்னால் ஒரு பெண் ஓடுகிறாள், பின்னால் ஒருவன். மற்றவர்கள் ஆடையையும் கரையையும் பற்றிச் சொன்னார்கள். விசில் சார் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"வலது கையும் வலது காலும் சேர்ந்து முன்னால போகுது மேடம். இப்படி ஓடினா குப்புற விழுந்துடுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "சரியாப் பிடிச்சீங்க. அந்தக் காலத்து ஓவியர்கள் ஓடுறவங்களைப் பல தடவை இப்படித்தான் வரைஞ்சிருக்காங்க. இத்தனை வருஷத்துல என் வகுப்புல இதை யாரும் கவனிச்சதில்ல சார்."

சாருக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு அந்த அம்மா ஜாடியில் இருந்த ஓட்டத்தின் கதையைச் சொன்னபோது, அவர் அளவுக்குக் கண்ணும் கருத்துமாக வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடலாண்டா என்று ஒரு வேட்டைக்காரி. ஓட்டத்தில் தன்னை ஜெயிப்பவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். யாராலும் முடியவில்லை. ஒருவன் மட்டும் தேவதையிடம் மூன்று தங்க ஆப்பிள் வாங்கி வருகிறான். அவள் முந்தும்போதெல்லாம் ஒன்றை வழியோரம் உருட்டிவிடுகிறான். அவள் நின்று குனிந்து எடுக்கிறாள், அவன் ஜெயித்துவிடுகிறான்.

"ஃபவுல்!" என்று கத்திய விசில் சார், கை பழக்கத்தில் விசிலை ஊதியே விட்டார். கூடமே அதிர்ந்தது. காவலர் ஓடி வந்தார்.

அந்த அம்மா காவலரைச் சமாதானப்படுத்திவிட்டு, "சரி நடுவரே, தீர்ப்பைச் சொல்லுங்க" என்றார்.

"ஓடுறவளுக்குக் குறுக்கே எதையாவது போட்டு ஜெயிக்கிறது ஒரு ஜெயிப்பா மேடம்? அவளோட சமமா ஓடத் தெம்பில்லாத பயதான்..."

பாதியில் நின்றுவிட்டார். பையின் அடியில் கிடந்த உறை அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. வகுப்பு முழுக்கப் பார்க்கத் திட்டு வாங்கிய பையனைப் போல வெட்கமாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பது.

"கடைசி வரைக்கும் இருந்தாத்தான் சான்றிதழ் சார்" என்றார் அந்த அம்மா.

"பரவாயில்ல மேடம்" என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினார். படிகளில் ஓடினார், சாலையைக் கடந்து ஓடினார். பள்ளி அலுவலகத்தில் மூச்சிரைக்க உறையை நீட்டினார்.

எழுத்தர் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இந்த மேடம் முந்தாநாளே நேர்ல வந்து கொடுத்துட்டாங்களே சார்."

வாசலுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டார். "முந்தாநாளே கொடுத்துட்டியா? அப்புறம் எதுக்கு என்கிட்டயும் ஒண்ணு?"

"உங்களை எனக்குத் தெரியாதா? உங்க ஞாபகசக்தியை நம்பி நான் உட்கார்ந்திருக்க முடியுமா?" என்று மனைவி சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. "இருந்தாலும், நீங்க கொண்டுபோய்க் கொடுத்தா நல்லா இருக்குமேன்னு ஒரு ஆசை."

"கொடுத்துட்டேன்மா."

"ஓடிப்போய்க் கொடுத்தீங்களாக்கும், மூச்சு வாங்குதே! சரி, பள்ளிக்கூடத்துலேர்ந்து பிள்ளைங்களை நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க. ராத்திரிக்கு என்ன சமைக்கலாம்னு யோசிச்சு வைங்க. நான் ஓடிப் பழக மைதானத்துக்குக் கிளம்பிட்டேன்."