கழுத்தோரப் புள்ளிகள்

அறுபதுகளின் நடுவில் பம்பாயில், செம்பூரிலிருந்து ஆபீஸ் பஸ் பிடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பௌதிகம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு, உடம்புக்குள் இருப்பதைக் கதிர்வீச்சால் படமெடுக்கக் கற்றுத் தருவது என் வேலை. நோயாளிக்குக் கதிரியக்க அயோடின் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்போம். மறுநாள் படுக்கவைத்தால், கழுத்துக்கு மேலே கருவி இடவலமாக ஊர்ந்து, அயோடின் தங்கிய இடத்துக்கெல்லாம் காகிதத்தில் டக் டக்கென்று புள்ளி குத்தும். ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

என்னிடம் ஒரு சட்டம் இருந்தது. கருவி ஓடும்போது நோயாளியிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் தொண்டை அசையும், படம் கெடும். நியாயமான காரணம்தான். ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. நோயாளியின் கதையைக் கேட்டால் இல்லாத புள்ளியும் கண்ணுக்குத் தெரியும், ஆகவே வெளியிலும் பேச்சு வேண்டாம், காகிதத்தை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவைத்திருந்தேன். யாராவது மீறினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பான மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வளர்ந்த மாணவன் ஒருவன் என்னிடம் இருந்தான். கருவியின் முனையில் பொருத்தும் ஈயக் கட்டியில் புது விதமாகத் துளை போட்டு, உடம்புக்குள் இருக்கும் சின்ன நோய்க்கட்டிகளையும் படத்தில் கொண்டுவருவது அவன் ஆராய்ச்சி. மூன்று வருஷம் ஈயத்தோடு மல்லுக்கட்டியும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் தாராவியிலிருந்து ஓர் அம்மா வந்தார். புற்றுநோய் கண்டு, தைராய்டு சுரப்பியை முன்பே எடுத்துவிட்டார்கள். நோய் பரவியிருந்தால் மறுபடி ஆபரேஷன் செய்ய டாக்டர் எங்கள் அறிக்கைக்காகக் காத்திருந்தார். புது ஈயத்தை வைத்து எடுத்த படத்தில், இடது கழுத்தோரம் சுண்டைக்காய் அளவுக்குப் புள்ளிகள் அடர்ந்து விழுந்தன. புது ஈயம் பலித்துவிட்டதென்று எனக்கு வாயெல்லாம் பல். அந்த அம்மாவுக்கு அது மறுபடியும் கழுத்தை அறுக்கிற சேதி என்பது அப்போது உறைக்கவே இல்லை. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை அறிக்கையில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். மாணவன் மேஜை முன்னால் வந்து நின்றான்.

"சார், அந்த அம்மா வெத்தல போடுவாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து படம் முடிஞ்சதும் வெளிய பெஞ்சுல உக்காந்து பேசிட்டிருந்தேன் சார். அடிக்கடி வாயத் தொடச்சுக்கிட்டாங்க. முந்தானையில."

சட்டத்தை மீறியதற்காக அவனைப் பிடிபிடி என்று பிடித்தேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான், நகரவில்லை.

"எச்சில்லயும் அயோடின் வரும்ல சார்" என்றான்.

அதை அவனுக்குப் பாடமாக நடத்தியதே நான்தான். கருவிக்காக அறையை ஏ.சி. போட்டுக் குளிரவைத்திருப்போம். பெண்கள் முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். துணி கதிரை மறைக்காது என்பதால் நாங்களும் விட்டுவிடுவோம். எச்சில் ஊறிய அந்தத் துணியே கதிர் விடும் என்று நான் யோசித்ததில்லை.

அறிக்கையை நிறுத்திவிட்டு அவனைத் தாராவிக்கு அனுப்பினேன். அந்த அம்மா அதே சேலையில், மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். கதிர் அளக்கும் கைக்கருவியை முந்தானை அருகே கொண்டுபோனதும் அது படபடவென்று பொரிந்தது. சேலையை மாற்றவைத்து, கழுத்தைத் துடைக்கச் சொல்லி, மறுபடி படம் எடுத்தோம். ஒரு மணி நேரம் மூவரும் வாய் திறக்கவில்லை. கழுத்தோரம் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. மாணவன் முதல் நாள் படத்தைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டான்.

ஆபரேஷன் வேண்டியிருக்காது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, என் குணம் போகாமல், "வெற்றிலை போடுவதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றும் கேட்டேன்.

"யாரும் கேக்கலைல்லா, ஐயா" என்றார். "இந்தத் தம்பி ஒருத்தர்தான் என்ன ஏதுன்னு கேட்டாரு."

அடுத்த நோயாளி வெளியே பெஞ்சில் காத்திருந்தார். படத்துக்கு முன்னால் நானே பேசிப் பார்க்கலாம் என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அறை வாசலில் நின்ற மாணவனைத் திரும்பிப் பார்த்தேன்.