வாத்தியம் துடைக்கும் வரை நின்றவர்

காலை ஏழு மணிக்கு எங்கள் லேப் வாசலில் வெறும் வயிற்றோடு பத்துப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள். சர்க்கரை பார்க்க வருகிறவர்களுக்குப் பொறுமை குறைவு. காபி குடிக்காமல் வந்தவர்களுக்கு இன்னும் குறைவு. ஒரு பெரியவர் கையில் ஊசி ஏற்றியிருந்தபோது மேஜைமேல் போன் அதிர்ந்தது. கார்த்தி. நின்று, மறுபடி அதிர்ந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏலத்தில் நிற்கிற நேரத்தில் அவன் யாரையும் கூப்பிட மாட்டான். ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, பெரியவரைக் கையை மடக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன். "அக்கா, நம்ம ஹபீப் பாய் தவறிட்டாருங்க" என்றான். நேற்றுத்தானே பேசினேன் என்றேன். என்னவோ அதனால் அவர் சாக முடியாது என்பதுபோல.

விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். டீ கேட்டிருக்கிறார். டீ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் மீதி ஏழு பேருக்கும் ரத்தம் எடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் எழுந்து வந்திருந்தால் அவரே என்னைத் திட்டியிருப்பார்.

'ஊர்வலம்' வலைப்பூவை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஹபீப் அண்ணன் பேகம்பூரில் செருப்புத் தைப்பவர்களுக்குத் தோலும் சோலும் பசையும் விற்கிற கடை வைத்திருந்தார். இளவயதில் சென்னையில் ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்தபோது, சரக்குப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒரு கேசட்டை மறந்து வைத்துவிட்டுப் போனார். மேலே பெயர் எதுவும் எழுதவில்லை. யார் வாசித்தது, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. நாடா நைந்து போகிற வரை அதைக் கேட்டிருக்கிறார். அந்த மாதிரிச் சங்கீதத்துக்கு ஜாஸ் என்று பெயர் என்பதே அவருக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பியபின் ஒரு நாள் சர்ச் திருவிழாத் தேர் அவர் கடையைத் தாண்டிப் போனது. முன்னால் சவரிமுத்துவின் பேண்டு செட். சவரிமுத்து கிளாரினெட். எல்லோருக்கும் தெரிந்த ஒரு மாதா பாட்டில் தொடங்கி, பாட்டை விட்டு வெளியே இறங்கி, வேலி தாண்டிப்போன ஆடு மாதிரி எங்கெங்கோ மேய்ந்து, டிரம்ஸ்காரர் ஒரு தட்டுத் தட்டியதும் சரியாகப் பாட்டுக்குள் வந்து நின்றாராம். ஹபீப் அண்ணன் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு மூன்று தெரு வரைக்கும் கூடவே போயிருக்கிறார். "இது அதேதான்னு தோணுச்சும்மா, வேற என்னத்தச் சொல்றது" என்பார். அந்த மூன்று தெருவிலிருந்து வந்ததுதான் எங்கள் வலைப்பூ. அவர், நான், படம் எடுக்கவும் கம்ப்யூட்டர் பார்க்கவும் கார்த்தி. சம்பளம் கிடையாது, விளம்பரம் கிடையாது. 'ஊர்வலம்: திண்டுக்கல் ஜாஸ் குறிப்புகள்' என்று பெயர் வைத்தபோது நான் சிரித்தேன். ஜாஸே இல்லாத ஊருக்கு ஜாஸ் வலைப்பூ எதற்கு என்று கேட்டேன்.

நான் மட்டும் கேட்கவில்லை. சென்னையிலிருந்து ஒருவர் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே வந்து, கல்யாண பேண்டை ஜாஸ் என்று சொல்வது அறியாமை என்று பாடம் நடத்துவார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவர்மேல் நாலு வார்த்தை எழுதி வைத்துக்கொண்டு அண்ணனிடம் காட்டுவேன். அவர் அதைப் போட விடமாட்டார். கடைசியில் அவரே ஒரு பதில் எழுதினார்: பெயர் பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடுகிறோம், ஒரு தடவை வந்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், பஸ் ஸ்டாண்டில் வந்து கூட்டிப்போகிறேன். அந்த ஆள் வரவில்லை. ஆனால் பாடம் நடத்துவது நின்றுவிட்டது.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

ஐந்து வருஷத்துக்கு முன் ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. சவரிமுத்து செட். நானும் அண்ணனும் போயிருந்தோம். அன்றைக்குக் கிளாரினெட் சரியில்லை. பாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வருகிற இடத்தில் தடுமாறியது. மேல் சுரங்களைத் தொடாமல் நழுவியது. நான் இரண்டாவது பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தேன். அண்ணன் வழக்கம்போல நின்றுவிட்டார். பஸ்ஸிலேயே பதிவை எழுதினேன். சவரிமுத்துவின் பேரைப் போட்டு, வயதாகிவிட்டது, மூச்சு போதவில்லை என்று எழுதினேன். அண்ணனுக்குக் காட்டாமல் அப்போதே ஏற்றினேன். நன்றாக எழுதிவிட்டதாக ஒரு பெருமை வேறு.

அதைக் கல்யாண வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் படித்திருக்கிறார். அடுத்த மாதம் தன் வீட்டுக் காதுகுத்துக்கு சவரிமுத்துவைச் சொல்லி வைத்திருந்தவர் வேறு செட்டுக்கு மாறிவிட்டார். அதைவிட, சவரிமுத்துவுக்கு மூச்சு போய்விட்டது என்கிற பேச்சு அக்கம்பக்கத்து ஊரெல்லாம் போனது. கிளாரினெட் ஊதுகிறவரைப் பற்றி அப்படி ஒரு பேச்சு எழுந்தால், யாரும் அவரிடம் நேரில் கேட்க மாட்டார்கள். கூப்பிடுவதைக் குறைத்துக்கொள்வார்கள்.

மறுநாள் காலை அண்ணன் லேபுக்கே வந்துவிட்டார். பதிவை அழித்துவிடலாமா என்று கேட்டேன். "அழிச்சா நாம எழுதலைன்னு ஆயிருமா? இருக்கட்டும்" என்றார். அடியில் தன் பெயரில் மன்னிப்பு எழுதிப் போட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. நான் எழுதியதில் என்ன பொய் என்று சண்டை போட்டேன். என் காது அன்றைக்குக் கேட்டது எனக்குத் தெரியும். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"பொய்யில்லம்மா. ஆனா அம்புட்டையும் நீ பாக்கலையே. செத்த நேரம் நின்னிருக்கலாம்."

கடைசி ஆள் வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைக்கிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது அன்றிலிருந்து எங்கள் சட்டம். அவர் அதற்கு முன்பும் அப்படித்தான் நிற்பார். எனக்காகத்தான் அது சட்டம் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னைக் கூட்டிக்கொண்டு சவரிமுத்து வீட்டுக்குப் போனார். சவரிமுத்து நாற்காலி போட்டார். கலர் வாங்கி வரச் சொன்னார். என்னைப் பார்க்காமல் அண்ணனிடமே பேசினார். நான் மன்னிப்புக் கேட்டபோது தலையை ஆட்டினார், அவ்வளவுதான். கிளம்பும்போது ஒன்று சொன்னார்:

"பாய், எழுதுறவங்க பந்தியில ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போயிர்றீங்க. நாங்க எப்பச் சாப்புட்டோம்னு ஒருத்தரும் எழுதலையே."

நிஜம்தான். பேண்டுக்காரர்கள் கடைசிப் பந்திக்கும் கடைசி. பாதி நாள் அவர்கள் போகும்போது குழம்பு இருக்கும், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இருக்காது. அடுத்த மாதம் வலைப்பூவின் ஆண்டு விழா வந்தது. மேடை, மாலை, கேக் எதுவும் வேண்டாம் என்றார். தன் வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டு, சுற்று வட்டாரத்து செட்டுக்காரர்களை எல்லாம் அழைத்து, முதல் பந்தியில் உட்கார வைத்தார். சீரகசம்பா பிரியாணி, தால்ச்சா. பரிமாறுவது நாங்கள். அன்றைக்கு யாரையும் ஒரு பாட்டு ஊதச் சொல்லக் கூடாது, கெஞ்சினாலும் கூடாது. கொண்டுவந்த வாத்தியத்தைக்கூடக் கீழேயே வாங்கி வைத்துவிடுவார். ஐந்து வருஷமாக எங்கள் ஆண்டு விழா இதுதான்.

சவரிமுத்து ஒவ்வொரு வருஷமும் வந்தார். என்னிடம் மட்டும் பேச மாட்டார். திருவிழாக்களில் பார்த்தால் ஒரு தலையாட்டல். நான் அவரைப் பற்றி நல்லதாக எத்தனையோ எழுதினேன்; அதெல்லாம் அவர் காதுக்குப் போனதா என்று தெரியாது. அண்ணனிடம் எத்தனையோ தடவை கேட்டேன், இன்னும் என்னதான் கோபம் அவருக்கு என்று. "சரியாகும்மா, விடு" என்பார். அதற்குமேல் வாய் திறக்க மாட்டார்.

அண்ணன் மௌத்தான அன்று வீட்டு உள்கட்டில் அவர் மனைவி மும்தாஜ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. சவரிமுத்துவும் அவர் செட்டில் எட்டுப் பேரும் வெள்ளைச் சட்டையில் எதிர்ச் சுவர் ஓரமாக நின்றிருந்தார்கள். எத்தனையோ சாவுக்கு ஊதிப் பழகியவர்கள்; அந்த வீட்டுச் சாவுக்கு ஊதக் கூடாது என்பது தெரியும். கையை முன்னால் கட்டினார்கள், பின்னால் கட்டினார்கள், எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். அண்ணனைச் சந்தூக்கில் வைத்து அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு போனபோது கபரஸ்தான் வாசல் வரைக்கும் பின்னாலேயே நடந்து போனதாகக் கார்த்தி பிறகு சொன்னான்.

ஆண்டு விழாவுக்கு இருபது நாள் இருந்தது. இந்த வருஷம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். துக்க வீடு என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: சவரிமுத்து, ஹபீப் அண்ணனுக்காக மட்டுமே வந்துகொண்டிருந்தவர். இனி வர மாட்டார், வராவிட்டால் அது என்னால்தான். அவர் இல்லாமல் என்ன ஊர்வலம்? வலைப்பூவையே இத்தோடு மூடிவிடலாம் என்று கார்த்தியிடம் சொல்லியும் விட்டேன். அவன் போய் மும்தாஜ் அக்காவிடம் சொல்லிவிட்டான். அக்கா கணவரை இழந்தவர்கள் இருக்கிற இத்தாவில் இருந்தார், வெளியே வர முடியாது. என்னை உள்ளே கூப்பிட்டு, மாடியில் பந்தல் போட ஆள் சொல்லியாகிவிட்டது, வந்து பரிமாறு என்றார். அவ்வளவுதான் பேச்சு.

எல்லா செட்டும் வந்தது. சவரிமுத்துவும் வந்தார், வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை, கார்த்தியை அனுப்பினேன். சாப்பாடு முடிந்து, கை கழுவும் இடத்தில் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து துண்டை வாங்கவில்லை. ஈரக் கையோடு நின்றார்.

"பல்லு விசயம் பாய் உங்ககிட்டச் சொன்னாரா?"

என்ன பல்லு என்று கேட்டேன்.

என் முகத்தையே பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ரெட்டியார்சத்திரம் மாப்பிள்ளை அழைப்பன்று காலையில் அவருக்கு மேல்வரிசை முன்பல் ஒன்றைப் பிடுங்கியிருக்கிறார்கள். கிளாரினெட்டின் வாய்ப்பகுதிமேல் அந்தப் பல்தான் ஊன்ற வேண்டும். முகூர்த்த சீசன், பல் போய்விட்டது என்று தெரிந்தால் அத்தோடு ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து, செட்டு ஆட்களிடம்கூடச் சொல்லாமல் ஊதியிருக்கிறார். எல்லோரும் போனபிறகு வாத்தியத்தைக் கழற்றித் துடைத்தபோது வாயில் வைத்து ஊதுகிற ரீடெல்லாம் ரத்தம். பக்கத்தில் நின்றது ஹபீப் அண்ணன் ஒருவர்தான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அங்கேயே சவரிமுத்து அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். தினமும் ரத்தம் எடுக்கிறவள் நான். அதைப் பார்க்க அங்கே நான் நிற்கவில்லை.

"உங்ககிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். தெரிஞ்சும் இந்தம்மா ஒரு வரி மாத்தி எழுதலையேன்னுதான் அஞ்சு வருசமாப் பேசல" என்றார் சவரிமுத்து. "ஒங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

எனக்கு அழுகை வரவில்லை. ஹபீப் அண்ணன்மேல் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கொடுத்த வாக்கு கொடுத்த வாக்குதான் என்று, தன் பெயரில் மன்னிப்பு எழுதி, இரண்டு பேரையும் வருஷம் தவறாமல் ஒரே மாடிக்கு வரவழைத்து, நாங்களாகப் பேசிக்கொள்வோம் என்று காத்திருந்திருக்கிறார். நாங்களோ பேசவில்லை. அவரும் போய்விட்டார். இறந்தவரிடம் சண்டை போட முடியாது என்பது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழே இறங்கி மும்தாஜ் அக்காவிடம் போய் அவர்மேல் புகார் சொன்னேன். "என்கிட்டயும் சொல்லல" என்றார் அக்கா. இருபது நாளில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். சிரிக்கும்போதே அவருக்குக் கண் நிறைந்தது. அப்புறம் நானும் அழுதேன்.

இதை எழுதலாமா என்று சவரிமுத்துவைக் கேட்டேன். அவர் வாயைத் திறந்து கட்டிய பல்லைக் காட்டினார். "இப்ப எவன் என்ன சொல்லப்போறான், எழுதுங்க" என்றார்.

ஹபீப் அண்ணனுக்கு மாடியில் படம் வைக்கவில்லை, மேடை போடவில்லை, அவருக்குப் பிடிக்காது. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது, அவர் ஐந்து வருஷம் நெஞ்சில் வைத்திருந்து எழுதாமல் போன ஒரு திருத்தம். பழைய பதிவை இப்போதும் அழிக்கவில்லை. அதன் அடியில், அவருடைய மன்னிப்புக்குக் கீழே, என் பெயரில் இன்று இதைச் சேர்த்திருக்கிறேன்:

அன்று சவரிமுத்துவுக்கு மூச்சு போதவில்லை என்று எழுதியது தவறு. மூச்சு இருந்தது. ஆறாத புண்ணோடு இரண்டு மணி நேரம் ஊதினார். எழுதியவள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். ஹபீப் நின்றார்.